முப்பது எலிப்பைகள்

நவம்பர் 3, திங்கள்

எங்கள் துறையில் தினமும் அலுவலக டைரி எழுதி மாதக் கடைசியில் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். 'காலை 6 மணி: கூண்டுகள் பார்வையிடப்பட்டன' என்று அதில் எழுதலாம். 'காலை 6.10: நாய் துரத்தியது' என்று எழுதக் கூடாது. போன வருடம் அப்படி எழுதிவிட்டு எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தேன். எழுதக் கூடாதவற்றை எழுத இந்த நோட்டு.

கோமதிநாயகம், வயது முப்பத்தேழு, பூச்சியியல் உதவியாளர். இன்று முதல் மேலப்பூவன்குளத்தில் முகாம். மலையடிவாரம். முந்நூறு வீடுகள், ஒரு கால்வாய், ஒரு டீக்கடை, ஒரு துணை சுகாதார நிலையம். மூன்று வாரத்தில் பதினொரு பேருக்குக் காய்ச்சல். மாடத்தி என்ற நாற்பத்தோரு வயதுப் பெண் போன வாரம் இறந்துவிட்டார். அவருடைய ரத்தத்தில் உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது அவரே இல்லை.

மாலையில் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம். எலி, மூஞ்சூறு இவற்றின் காதுக்குள் ஒட்டியிருக்கும் உண்ணிக் குஞ்சு, கடுகில் கால்வாசி கூட இருக்காது, புல்லிலும் புதரிலும் இறங்கி ஆளுக்காகக் காத்திருக்கும், கடித்தால் வலிக்காது, பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்று விளக்கினேன். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடலாம். யாரும் புல்லில் உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். தலையை ஆட்டினார்கள். கூட்டம் முடிந்து திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் கால்வாய்க் கரைப் புல்லில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தங்க இடம்: பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்றுக் கூட்டம் முடிந்ததும் முப்பது கூண்டுக்கும் இரையாக டீக்கடையில் எட்டு மசால்வடை வாங்கினேன். எலிக்கு என்று தெரிந்ததும் கடைக்காரர் முகம் விழுந்துவிட்டது. எலி வடைதான் விரும்பிச் சாப்பிடும், அதிலும் நல்ல வடையாக இருந்தால்தான் உள்ளே வரும் என்று சமாதானம் சொன்னேன். உடனே இன்னும் இரண்டு கொடுத்தார்.

இன்று காலையில் ஏழு கூண்டு அடைந்திருந்தது. பிடிபட்ட எலியைக் கூண்டிலிருந்து துணிப்பைக்குள் விட்டு, மயக்க மருந்து காட்டி, பிறகுதான் காதைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் கொடுத்த பைகள் என்னைவிட சர்வீஸ் அதிகம் உள்ளவை. துணை சுகாதார நிலையத்தில் வைத்து இதைச் செய்துகொண்டிருந்தபோது மூன்றாவது எலி ஓட்டை வழியாக இறங்கி, தடுப்பூசிப் பதிவேட்டின்மேல் ஓடி, கிராம சுகாதாரச் செவிலியர் ஜெபராணியின் சாப்பாட்டுப் பையில் நுழைந்தது. ஜெபராணிக்கு ஐம்பது வயது இருக்கும், கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், ஒண்ணு இந்த ரூமுல நீங்க இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். எலி இருந்துட்டுப் போகட்டும்."

புதுப் பைகள் தைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெண் டெய்லர் ஒருவர் இருக்கிறாராம்.

நவம்பர் 5, புதன்

டெய்லர் கடை ஒன்பது மணிக்குத்தான் திறந்தது. அரை மணி நேரம் காத்திருந்தேன். எதிரில் உட்காரவும் சாயவும் வசதியாக ஒரு புல்மேடு. பச்சைப் பசேல் என்று, மெத்தை மாதிரி.

செண்பகவடிவு. முப்பத்து நாலு, முப்பத்தைந்து இருக்கலாம். மணிக்கட்டில் குண்டூசி வரிசையாகக் குத்திய ஒரு துணிப்பட்டையை மாட்டியிருந்தார். முப்பது பை வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். எலிக்கு என்றேன். இதுவரை இந்தப் பதிலைக் கேட்டு முகம் மாறாத முதல் ஆள் இவர்தான். நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"நீளம் எம்புட்டு?"

"வால் வெளியே இருந்தாலும் பரவாயில்லை."

"நாடா வைக்கவா, எலாஸ்டிக் வைக்கவா?"

நாடா என்றேன். எலி நாடாவைக் கடித்தால் என்ன செய்வது என்று அவரே யோசித்து, வாயை இரட்டையாக மடித்து நாடாவை உள்ளே ஓட்டலாம் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். பதினெட்டு வருட சர்வீஸில் எங்கள் துறையில் யாருக்கும் தோன்றாத யோசனை.

ஊரே அவரை டெய்லரக்கா என்று அழைக்கிறது. நான் எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. அக்கா என்று சொல்ல என்னமோ வரவில்லை. வயது வித்தியாசம்தான் காரணம்.

நவம்பர் 6, வியாழன்

பைகள் பிரமாதம். ஓர் எலி கூடத் தப்பவில்லை. இதைச் சொல்ல நேரில் போனேன். சொல்லிவிட்டு வந்து, சட்டைப் பொத்தான் ஒன்று தளர்ந்திருப்பதைப் பார்த்து, மறுபடி போனேன்.

நவம்பர் 7, வெள்ளி

இன்னொரு பொத்தான்.

நவம்பர் 8, சனி

எலிகள் உண்மையைச் சொல்கின்றன. ஊருக்குள் பிடித்தவற்றின் காதில் அநேகமாக ஒன்றும் இல்லை. கால்வாய்க்கு வடக்கே இருக்கும் தரிசில் பிடித்த பதினாலிலும் காதுக்குள் செம்மஞ்சள் பொடி தூவியது போல உண்ணிக் குஞ்சுகள். ஊர்ப் பெண்கள் ஆட்டுக்குப் புல் அறுப்பதும், துவைத்த துணியைப் பரப்புவதும் அந்தத் தரிசில்தான்.

இதைக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்புப் பொருக்கைப் பற்றியும் சொன்னேன். அக்குளிலும், மார்புக்குக் கீழும், இடுப்புக் கயிறு கட்டும் இடத்திலும்தான் பெரும்பாலும் இருக்கும், பெண்கள் காட்ட மாட்டேன் என்கிறார்கள், ஜெபராணி கேட்டால்கூட எல்லாரும் 'ஒண்ணுமில்ல' என்றே சொல்கிறார்கள் என்றேன். மெஷின் நின்றுவிட்டது.

"மாடத்தி மதினிக்கு நான் பாத்தேன்" என்றார். தீபாவளி ரவிக்கைக்கு அளவெடுத்தபோது அக்குளுக்குக் கீழே. சுட்டுக்கிட்டியா மதினி என்று கேட்டாராம். அதெல்லாம் இல்லை, எறும்பு கடித்திருக்கும் என்று மாடத்தி சிரித்தாராம். அந்த ரவிக்கையைத்தான் கடைசியில் மாடத்திக்குப் போட்டார்களாம்.

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் எங்களுக்கே தெரியாது என்றேன். அது ஆறுதல் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். எதற்காகப் போனேனோ அந்தப் பொத்தானை மறந்து.

நவம்பர் 9, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே ஜெபராணி வீட்டு வாசலில் செண்பகவடிவு நிற்கிறார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவருடைய யோசனை இது: நர்ஸிடம் காட்டாத இடத்தை டெய்லரிடம் காட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு, ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் தொளதொளத்த பழைய ரவிக்கைகளைச் சும்மா பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். அளவெடுக்கும்போது எதற்காகப் பார்க்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவார். பொருக்கு இருந்தால் பக்கத்து அறையில் ஜெபராணி மாத்திரையோடு இருப்பார்.

ஜெபராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று கேட்டார். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவுக்கு போன் போட்டோம். அவர் சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார். காய்ச்சல் இருந்தால் பொருக்குக்காகக் காத்திருக்க வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்த மாத்திரை கூடாது, உடனே அனுப்பிவிடுங்கள் என்று இரண்டு எச்சரிக்கை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

நவம்பர் 11, செவ்வாய்

முதல் நாள் பத்தொன்பது பெண்கள். இரண்டு பொருக்கு, இரண்டு பேருக்கும் மூன்று நாளாகக் காய்ச்சல், இரண்டு பேரும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. உடனே மாத்திரை. ஆண்களை நான் சட்டை கழற்றச் சொல்லி டீக்கடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு பொருக்கு. கூடவே பதினேழு பச்சைகுத்தல், அதில் பதினொன்று வேறு வேறு பெண்களின் பெயர்கள்.

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்று பேருக்கும். ஒருவர் இன்று புல் அறுக்கக் கிளம்பி, ஜெபராணி வழியில் மறித்து வீட்டுக்கு விரட்டியிருக்கிறார்.

செண்பகவடிவு என்னைப் பார்த்ததும் கையில் இருந்த டேப்பைத் தலைக்குமேல் சுழற்றினார். நான் பதிலுக்கு எலிப்பையைச் சுழற்றினேன். அதில் எலி இருந்தது. அது நியாயமில்லைதான்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் கூண்டுகளைக் காணோம். முப்பதில் பன்னிரண்டு. எலிக்காரன் வந்த பிறகுதான் காய்ச்சல் கூடியது, அவன்தான் பையில் கொண்டுவந்து விடுகிறான் என்று நாலைந்து நாளாகவே ஒரு பேச்சு. யாரோ கூண்டுகளைக் கால்வாயில் எறிந்திருக்கிறார்கள்.

சாக்ஸைக் கழற்றி, பேன்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். செண்பகவடிவு கரையில் நின்று, அந்தா அங்கன ஒண்ணு மினுங்குது, இன்னும் ரெண்டு அடி, அது இல்ல, அது தகர டப்பா என்று வழி சொன்னார். ஒன்பதாவது கூண்டுக்குக் கை நீட்டியபோது வழுக்கி முழுக்க உள்ளே போய்விட்டேன். எழுந்து பார்த்தால் அவர் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நானும் தண்ணீருக்குள் நின்றபடி சிரித்தேன். புல்லில் உட்காராதீர்கள் என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்.

பன்னிரண்டும் கிடைத்தன. எறிந்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை என்பது ஆச்சரியம்.

நவம்பர் 15, சனி

சாப்பாடு இறங்கவில்லை. டீ கசக்கிறது. தூக்கமும் சரியில்லை. உடம்பு பஞ்சு மாதிரி, தரையில் படாமல் நடப்பது போல் இருக்கிறது. இத்தனை வயதுக்குமேல் இது எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. எதைச் சொல்கிறேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா போன் செய்தாள். புதிதாக ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். இப்போது வேண்டாம் என்றேன். எப்போதும் சொல்வதுதான், ஆனால் குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். கால்வாய்த் தண்ணீர் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இதை உட்கார்ந்து எழுதவே முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன்.

முப்பிடாதி என்று ஒரு பெண், இருபத்து மூன்று வயது, ஏழாம் மாதம். அளவெடுக்க வராத சிலரில் ஒருத்தி. கணவன் மாசானமுத்து தடுத்து வைத்திருந்தான். இன்று காலை செண்பகவடிவு டேப்பும் கையுமாக அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார். வளைகாப்புக்குப் போட்ட ரவிக்கை இப்போது இறுக்குமே, தளர்த்தித் தருகிறேன் என்று உள்ளே போனால், அந்தப் பெண் ஐந்து நாள் காய்ச்சலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். பாவாடை நாடாவுக்குக் கீழே கறுப்புப் பொருக்கு.

சேதி கேட்டு நான் பஞ்சாயத்துக் கட்டடத்திலிருந்து ஓடினேன். 108 ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஜெபராணி டாக்டரம்மாவிடம் பேசி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மருந்தின் முதல் வேளையைக் கொடுத்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போது மாசானமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், கூண்டத் தூக்கிப் போட்டது நாந்தான். இவளுக்குக் காய்ச்சல் வந்ததும் உங்க மேலதான் சந்தேகப்பட்டேன். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க, இவளக் காப்பாத்திக் குடுங்க."

ஏறு, முதலில் வண்டியில் ஏறு என்றேன்.

வண்டி போன பிறகு செண்பகவடிவு நடுத்தெருவில் அப்படியே நின்றார். மாடத்தி மதினிக்குச் செய்ய முடியாததை இந்தப் பிள்ளைக்குச் செய்துவிட்டேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தெரு முழுவதும் லேசாகச் சாய்ந்தது. சந்தோஷத்தில் இப்படியும் ஆகும் போலிருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

முப்பிடாதிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம்.

எனக்குத் தலைவலி. மயிர்க்கால் எல்லாம் வலிக்கிறது. ஆனால் மனசு பறக்கிறது. புதுச் சட்டை ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆண்களுக்கும் தைப்பாரா என்று ஜெபராணியிடம் சாதாரணமாக விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, கன்னம் ஏன் சிவந்திருக்கிறது என்றார். வெயில் என்றேன். மூன்று நாளாக வெயிலே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று பத்து மணிக்குச் சட்டைக்கு அளவு. நீலத்தில் மெல்லிய கோடு போட்ட துணி.

நவம்பர் 20, வியாழன்

கை இப்போதுதான் பேனாவைப் பிடிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் போனேன். தோள் அளவெடுத்தார், கை எடுத்தார், நோட்டில் எழுதினார். கழுத்துப் பட்டைக்காகப் பின்னால் வந்து நின்றார். டேப் கழுத்தைச் சுற்றியது. அவர் விரல் என் பிடரியில், முடி தொடங்கும் இடத்தில் பட்டது. பட்டு, அங்கேயே நின்றுவிட்டது. மெதுவாக முடியை விலக்குகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உலகத்தில் என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"அசையாதிய" என்றார்.

அசையவில்லை.

"சார், உங்களுக்கு எத்தன நாளாக் காய்ச்சல்?"

காய்ச்சல் இல்லை என்றேன். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஜெபராணியை அழைத்துவர ஓடினார். தெர்மாமீட்டர் நூற்று மூன்று புள்ளி நாலு காட்டியது. முந்நூறு பேரின் அக்குளையும் முழங்காலையும் பார்க்க ஏற்பாடு செய்தவன், தன் பிடரியைக் கண்ணாடியில் ஒரு தரம் பார்க்கவில்லை. சாயாமல், நூல் பிடித்துத் தைத்த பொத்தான் மாதிரி ஒரு பொருக்கு என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. ஜெபராணி இன்று காலை வந்து முழுவதும் சொன்னார், ரசித்துச் சொன்னார். வண்டியில் ஏற மாட்டேன், இது காய்ச்சலே இல்லை என்று நான் அடம்பிடித்தேனாம். பின்னே என்னது சார் இது என்று இவர் கேட்டிருக்கிறார். நான் கையை நீட்டி, கடை வாசலில் நின்றுகொண்டிருந்த செண்பகவடிவைக் காட்டினேனாம். வாசலில் அப்போது ரவிக்கை பிடிக்க வந்த ஏழு பெண்களும் இருந்தார்களாம்.

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஜெபராணி போகவில்லை. செண்பகவடிவு என்ன செய்தார் என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டேன்.

"என்ன செய்வா? உங்க சட்டைத்துணிய மடிச்சு உள்ள வெச்சா. பெறவு, 'எல்லாரும் என்னத்தப் பாக்கிய, அடுத்த ஆள் யாரு'ன்னு கேட்டா."

நவம்பர் 21, வெள்ளி

இரண்டு இட்லி. ருசித்தது.

நவம்பர் 22, சனி

முப்பிடாதிக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். மாசானமுத்து இரண்டு வார்டுக்கும் நடுவே இளநீரோடு ஓடுகிறான். எனக்கு மட்டும் இன்று ஐந்து. போதும் என்றால், கூண்டுக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருப்பதாகச் சொல்கிறான். இன்னும் ஏழு இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நேற்றும் அதே. ரத்த அழுத்தம் சரி, நாடி சரி. தலைக்கிறக்கம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்றேன். எப்போது என்றார். சில நேரங்களில் என்றேன். தலைமாட்டு அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காய்ச்சலால் இல்லை, சத்தான ஆகாரம் சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆக, இது காய்ச்சல் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதற்கு எது என்று பிரிக்க முடியாமல் போயிருந்தது. ஒன்று போய்விட்டது. மற்றது அப்படியே இருக்கிறது.

அக்காவுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். டெய்லர் என்றேன், ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆனவர் என்று ஜெபராணி சொன்னதையும் சொன்னேன். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: "தம்பி, இப்ப காய்ச்சல் எத்தன டிகிரி?"

நவம்பர் 26, புதன்

ஊருக்குத் திரும்பினேன். பஞ்சாயத்து ஆட்கள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வடக்குத் தரிசை வெட்டிச் சுத்தமாக்கியிருக்கிறார்கள். துணி காயப்போட பள்ளிக்கூடச் சுவரோரம் கம்பி கட்டியிருக்கிறார்கள். எட்டு நாளாகப் புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. கடைசி ஆள் நான்தான்.

கடைக்குப் போனேன். சட்டை தைத்துத் தயாராக இருந்தது. கழுத்து அளவு எடுக்கவே இல்லையே என்றேன். குத்துமதிப்பாக வைத்தேன் என்றார். சரியாக இருந்தது.

சுற்றிவளைக்காமல் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார். தலை நிமிராமல், கத்தரியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்க என்ன கேக்க வந்திருக்கியன்னு இந்த ஊருக்கே தெரியும். அதுக்கு முன்ன நான் சொல்லுததக் கேட்டுக்கிடுங்க. எட்டு வருசம் முன்ன ஒருத்தர் திருப்பூருக்கு வேலைக்குப் போனாரு, அங்கனயே ஒரு குடும்பம் வெச்சுக்கிட்டாரு. கோர்ட்டுக்கு நான் ஒத்தையிலதான் அலைஞ்சேன். தீர்ப்பு வாங்கி நாலு வருசமாச்சு. இந்த மெசின் இல்லன்னா நானும் இல்ல. யாருக்காவயும் இத நிறுத்த மாட்டேன். பெறவு, காய்ச்சல்ல சொன்ன பேச்ச நான் எடுத்துக்கிடுததா இல்ல."

காய்ச்சல் விட்டு ஐந்து நாளாகிறது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது என்று எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்தார். சத்தான ஆகாரம் என்று இருந்த வரியை விரலால் தொட்டார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். சீட்டைத் திருப்பித் தரவில்லை.

நவம்பர் 27, வியாழன்

யோசிக்கிறார்.

நவம்பர் 29, சனி

எலி மூன்று. காதில் ஒன்றும் இல்லை. இன்னும் யோசிக்கிறார். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று நாலு தரம் போனேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பதினாலு நாள் ஆகிவிட்டது, புதுக் காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா ஊருக்கே வந்து மாடத்தியின் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். செண்பகவடிவும் உடன் போனார். திரும்பி வரும்போது அழுத கண். நான் தள்ளியே நின்றேன். என் பக்கத்தில் வந்ததும் நின்று, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். போய்ச் சாப்பிடுங்கள் என்றார். அவ்வளவுதான். அதையே நினைத்துக்கொண்டு இரண்டு தடவை சாப்பிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

முகாம் முடிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைப்பாறை என்ற ஊரில் ஏழு பேருக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை நான் அங்கே இருக்க வேண்டும். அங்கேயும் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். டாக்டரம்மா செண்பகவடிவை நேரில் அழைத்து, இரண்டு வாரம் அங்கே வந்து அளவெடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மெஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே என்று அவர் சொன்னதும், வெள்ளைப்பாறைப் பள்ளியில் ஒரு மெஷின் ஏற்பாடாகிவிட்டது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு இதைச் சொன்னது ஜெபராணி. எனக்கு வரவேண்டிய பதிலைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அது என் சப்ஜெக்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் 8, திங்கள்

ஆறே முக்கால் பஸ். ஊரில் பாதி வழியனுப்ப வந்துவிட்டது, டீக்கடைக்காரர் உட்பட. முப்பிடாதி வீட்டு வாசலில் இருந்தே கையசைத்தாள்.

கூண்டு மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு உள்ளே வந்தால் நிற்கத்தான் இடம். இடப்பக்கம் பெண்கள் இருக்கையில் செண்பகவடிவு. மடியில் துணிப்பை, கழுத்தில் டேப், கையில் ஊசி நூலோடு பாதி தைத்த பை. வெள்ளைப்பாறை எலிகளுக்கு. பக்கத்து இடம் மட்டும் காலி, அவர் பிடித்து வைத்திருந்தது. "உக்காருங்க" என்றார். மலைப்பாதை, கிறங்கும், நிற்காதீர்கள் என்றார். உட்கார்ந்தேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டிக் கண்டக்டர் வந்தார். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். இது பெண்கள் சீட்டு, எழுந்திருங்கள் என்றார். அவர் சொல்வது சரிதான். எழுந்தேன். பாதி எழுந்த நிலையில் செண்பகவடிவு என் சட்டைக் கையைப் பிடித்தார். தைப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவதான்."

கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் பாதி நின்றபடியே இருந்தேன். அவர் முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையை உதறிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இப்போதைக்குப் பொய்தான். தை மாசம் உண்மையாக்கிருவோம். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை, மரம், மேகம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றின. பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது என்று நினைக்கிறேன்.